கூரை இல்லாததற்குக் கூடுதல் காசு: திறந்த கார்களின் கதை

ஒரே மாடலில் இரண்டு கார்கள். ஒன்றில் நிரந்தரமான கூரை இருக்கிறது. இன்னொன்றில் பட்டனைத் தட்டினால் கூரை மடங்கிப் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். எது விலை அதிகம்? மடங்குவதுதான். எது எடை அதிகம்? பெரும்பாலும் அதுவும் மடங்குவதுதான். பெட்டி வைக்க எதில் இடம் குறைவு, எதில் சத்தம் அதிகம், எதில் மழைத்தண்ணி உள்ளே வரும் பயம் அதிகம் என்று கேட்டுக்கொண்டே போனாலும் பதில் மாறாது. பொறியியல் கண்ணோடு பார்த்தால் இது யாரும் வாங்கவே கூடாத பொருள். ஆனாலும் நூறு வருஷமாக யாராவது வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஏன் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தால், கதை நாம் நினைப்பதற்கு நேர் எதிர் முனையிலிருந்து தொடங்குகிறது. முதலில் எல்லாக் காருமே திறந்த கார்தான். கூடுதல் காசு கொடுத்து வாங்கியது கூரையைத்தான். நடுவில் ஏதோ ஒரு கட்டத்தில் இது அப்படியே தலைகீழாகிவிட்டது. அது எப்போது, ஏன், எவ்வளவு வேகமாக நடந்தது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். கூடவே, "அமெரிக்க அரசாங்கம் கன்வெர்ட்டிபிள் காரைத் தடை செய்துவிட்டது" என்று இன்றும் பலர் நம்பும் ஒரு கதையையும் சரிபார்த்துவிடலாம்.

மொட்டை வண்டியும் கூண்டு வண்டியும்

நம்ம ஊர் மாட்டு வண்டியிலேயே இந்தப் பிரிவு உண்டு. மூட்டை ஏற்றுவதற்கு மொட்டை வண்டி. குடும்பத்தோடு கோயிலுக்குப் போக கூண்டு வண்டி. வண்டி ஒன்றுதான். மேலே என்ன இருக்கிறது என்பதுதான் உள்ளே உட்காருபவரின் மதிப்பைச் சொல்லும்.

ஐரோப்பாவின் குதிரை வண்டிகளிலும் இதே கதைதான். லாண்டோ, ஃபேட்டன், கேப்ரியோலே என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. கேப்ரியோலே என்பது இரண்டு சக்கரமும் மடக்குக் கூரையும் கொண்ட லேசான வண்டி. ஓடும்போது துள்ளிக்கொண்டே போகும் என்பதால், துள்ளலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அந்தப் பெயரை ஆங்கிலேயர்கள் சுருக்கியதுதான் 'கேப்'. ஆக, ஆப்பில் நாம் புக் பண்ணும் கேபுக்கும் விலை உயர்ந்த கேப்ரியோலே காருக்கும் பூர்வீகம் ஒன்றே.

1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டிக்குக் கூரையும் கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் என்று கொண்டாடப்படும் அந்தப் பயணம் முழுக்க வெயிலிலும் புழுதியிலும் நடந்ததுதான்.

அந்தக் காலத்துக் கார்க்காரர்களின் போட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். நீளமான கோட், கண்ணை மூடும் பெரிய கண்ணாடி, கையுறை. பெண்கள் தொப்பிக்கு மேல் துணி சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார்கள். அது ஃபேஷன் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அது தற்காப்பு. தார் போடாத மண் சாலை, முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி, முகத்தில் மோதும் பூச்சிகள். மழை வந்தால் கேட்கவே வேண்டாம்.

வசதியானவர்கள் கூரை போட்ட காரை வாங்கினார்கள். 1899-லேயே லூயி ரெனோ ஒரு சின்ன மூடிய கார் செய்துவிட்டார். சக்கரம் வைத்த டெலிபோன் பூத் மாதிரி இருக்கும். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அன்றைய பெரிய ஆடம்பரக் கார்களில் கூரை எதுவரை வந்தது என்பதுதான். பின்னால் உட்காரும் முதலாளிக்குக் கண்ணாடி ஜன்னலோடு மூடிய அறை. முன்னால் ஓட்டுகிற டிரைவர் மழையிலும் குளிரிலும் வெளியே. குதிரை வண்டியில் வண்டிக்காரர் வெளியே உட்கார்ந்த அதே வழக்கம். திறந்த வெளி என்பது அன்று இன்பமில்லை, வேலைக்காரரின் இடம்.

எட்டே வருஷத்தில் தலைகீழ்

ஃபோர்டின் மாடல் டி 1908-ல் வந்தது. அதில் அதிகம் விற்றது 'டூரிங்' என்ற திறந்த வடிவம். மேலே ஒரு துணிக் கூரை உண்டு, பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் வண்டியை ஓரம் கட்டி, சீட்டுக்கடியில் சுருட்டி வைத்திருக்கும் திரைகளை எடுத்து ஒவ்வொரு பட்டனாக மாட்ட வேண்டும். அந்தத் திரைகளில் பார்ப்பதற்காகத் தைத்திருந்த செல்லுலாய்டு ஜன்னல் கொஞ்ச நாளிலேயே மஞ்சளாகிவிடும். மாட்டி முடிப்பதற்குள் பாதி நனைந்திருப்போம்.

முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்பது இப்படித் திறந்தவைதான். ஜெனரல் மோட்டார்ஸை நெடுங்காலம் நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் தன் நினைவுக் குறிப்பில் ஒரு கணக்கு தருகிறார். 1919-ல் மூடிய கார்களின் பங்கு 10 சதவீதம். 1924-ல் 43. 1926-ல் 72. 1927-ல் 85. எட்டே வருஷம்! ஸ்மார்ட்போன் வந்து பட்டன் போனை ஓரங்கட்டிய வேகத்தை நாம் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அதே வேகம்.

இவ்வளவு வேகத்துக்குக் காரணம் என்ன? ஆசை முன்பே இருந்தது, விலைதான் தடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தடையை உடைத்தது ஹட்சன் நிறுவனம். 1921-ல் தன் எஸ்செக்ஸ் காரின் மூடிய வடிவத்தை 1,495 டாலருக்கு அறிவித்தது. திறந்த வடிவத்தைவிட 300 டாலர்தான் அதிகம். மற்ற கம்பெனிகளில் வித்தியாசம் இதைவிட ரொம்பப் பெரிது. பிறகு விலையை வருஷா வருஷம் இறக்கினார்கள். 1925-ல் மூடிய எஸ்செக்ஸ் 895 டாலர். திறந்த எஸ்செக்ஸைவிட 5 டாலர் குறைவு! அதாவது, இப்போது மழையில் நனைவதற்குத்தான் கூடுதலாக 5 டாலர் கொடுக்க வேண்டும்.

இந்த விலைக் குறைப்பு சும்மா நடந்துவிடவில்லை. மரச்சட்டத்தில் கையால் உடற்பகுதி செய்த காலம் போய், எஃகுத் தகடுகளை அழுத்தி வார்க்கும் முறை வந்தது. நாள்கணக்கில் காய்ந்த பெயின்ட்டுக்குப் பதில் சீக்கிரம் உலரும் டூக்கோ லேக்கர் வந்தது. கண்ணாடித் தயாரிப்பும் மலிவானது.

இதில் அடிபட்டது மாடல் டி. அது லேசான, திறந்த வண்டியாகவே வடிவமைக்கப்பட்டது. மூடிய உடற்பகுதியின் எடையைச் சுமக்க அதன் அடிச்சட்டமும் என்ஜினும் பொருத்தமாக இல்லை. 1927 மே மாதத்தில் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளிவந்ததோடு ஃபோர்டு அதை நிறுத்திக்கொண்டது. மாடல் டி ஏன் விழுந்தது என்பதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். கூரையும் அதில் ஒன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மூடிய கார் மக்கள் வாழ்க்கையையும் மாற்றியது. திறந்த கார் என்பது நல்ல நாளில் ஊர் சுற்றும் பொருள். மூடிய கார் வந்தபிறகுதான் குளிர்காலத்திலும் வேலைக்கு, சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று தினமும் போகக்கூடிய சாதனமானது. ராத்திரி எந்த நேரத்திலும் நோயாளி வீட்டுக்கு ஓட வேண்டிய டாக்டர்கள் மூடிய கூப்பே கார்களை முதலில் விரும்பி வாங்கியவர்களில் அடக்கம்.

வேண்டாதது ஆடம்பரமானது

எல்லோருக்கும் கூரை கிடைத்த பிறகுதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது. 1920-களின் கடைசியில் 'கன்வெர்ட்டிபிள்' என்ற சொல் விளம்பரங்களில் நிலைபெறுகிறது. பழைய டூரிங் காருக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? பக்கக் கண்ணாடி. இதில் கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி ஏறும், கூரையை இழுத்து மாட்டினால் முழுசாக மூடிய கார். வேண்டும்போது திறந்துகொள்ளலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் இப்போது விற்கப்படும் பொருள். 1930-களில் பல கம்பெனிகளின் விலைப்பட்டியலில் கன்வெர்ட்டிபிள்தான் மேலே நின்றது.

எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமாகப் படுவது இதுதான். திறந்த வெளி மாறவில்லை, காற்று மாறவில்லை, புழுதிகூட ரொம்ப மாறவில்லை. மூடிக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் திறப்பது இன்பமானது. வேறு வழியில்லாமல் வெயிலில் நிற்பதும், வேண்டுமென்றே மொட்டை மாடியில் போய் நிற்பதும் ஒன்றில்லையே.

திறந்த காரின் கவர்ச்சியும் ஆபத்தும் ஒட்டியே வந்தன. 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் ஒரு திறந்த அமில்கார் காரில் ஏறினார். கழுத்தில் நீளமான பட்டுத்துணி. அது பின்சக்கரத்தில் சிக்கி இழுத்ததில் அங்கேயே உயிர் போனது. அதே ஆண்டில்தான் மூடிய கார்களின் பங்கு அமெரிக்காவில் 85 சதவீதத்தைத் தொட்டது.

அந்தக் காலத்தின் இன்னொரு பெயர் ஜார்ஜ் பாலான். பிரெஞ்சுக்காரர், தொழிலால் பல் மருத்துவர். கார் வரைவது அவருக்குப் பொழுதுபோக்கு. துணிக் கூரைக்குப் பதில் முழு உலோகக் கூரையையே அப்படியே பின்னால் தள்ளி டிக்கிக்குள் இறக்கிவிடலாம் என்று யோசித்து 1930-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார். 1934-ல் பெஜோ நிறுவனம் 'எக்லிப்ஸ்' என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எக்லிப்ஸ் என்றால் கிரகணம். கூரை மறைவதற்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! இன்று பட்டனைத் தட்டினால் மடங்கும் உலோகக் கூரைகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி.

பாலானின் முடிவு சோகமானது. ஜெர்மானியர்கள் பிரான்சைப் பிடித்தபோது அவர் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து பிரிட்டிஷாருக்காக உளவு வேலை செய்தார். பிடிபட்டு 1942 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது சுமார். கார் அழகுப் புத்தகங்களில் அவர் கார்களின் படங்கள் நிறைய வருகின்றன. இந்தத் தகவல் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

செருப்புப் பெட்டிச் சோதனை

கூரையை எடுத்தால் எடை குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது? இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து மூடியை டேப் போட்டு நன்றாக ஒட்டுங்கள். இரண்டு முனையையும் பிடித்து, துணி பிழிவது மாதிரி முறுக்கிப் பாருங்கள். லேசில் அசையாது. இப்போது மூடியைக் கழற்றிவிட்டு முறுக்குங்கள். தளதளவென்று வளையும்.

நவீன கார்களும் பெட்டிதான். தனியாக அடிச்சட்டம் இல்லாமல் உடற்பகுதியே வலுவைத் தாங்கும் வடிவம். அதில் கூரை வெறும் குடை இல்லை, பெட்டியின் மூடி. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி இன்னொன்று இறங்கும்போது வரும் முறுக்கு விசையை அதுவும் சேர்ந்துதான் தாங்குகிறது. அதை வெட்டிவிட்டால், ஈடுகட்ட கதவுக்குக் கீழே, தரைக்கு அடியில், முன்கண்ணாடிச் சட்டத்தில் எல்லாம் கூடுதல் எஃகு சேர்க்க வேண்டும். அதற்கு மேல் மோட்டார்கள், கம்பிகள், கீல்கள். எடை கூடாமல் என்ன செய்யும்? அப்படிச் சேர்த்தும், பழைய கன்வெர்ட்டிபிள்களில் கரடுமுரடான சாலையில் போனால் முன்கண்ணாடியும் டாஷ்போர்டும் நடுங்குவது கண்ணுக்கே தெரியும்.

காற்று இன்னொரு ஆச்சரியம். முன்னால் இருந்து வரும் காற்று முடியைப் பின்னால் தள்ளும் என்றுதான் நினைப்போம், சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். நிஜத்தில் முன்கண்ணாடிக்கு மேல் ஏறிப் பாயும் காற்று, அதற்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதியை உண்டாக்குகிறது. அதை நிரப்ப, பின்பக்கத்திலிருந்து காற்று சுழன்று முன்னோக்கி வருகிறது. அதனால் முடி முகத்தின் மேல்தான் விழும். வேலை நிமித்தம் ஒருமுறை கலிபோர்னியா போயிருந்தபோது நண்பர்கள் சேர்ந்து ஒரு கன்வெர்ட்டிபிளை வாடகைக்கு எடுத்துக் கடற்கரைச் சாலையில் போனோம். பின்சீட்டில் இருந்த இருவர் வாயைத் திறக்கவே முடியவில்லை. முதல் அரை மணி நேரம் பிரமாதம். அப்புறம் கழுத்துக்குப் பின்னால் குளிர், நெற்றியில் வெயில். ஒரு மணி நேரத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டு கூரையை மூடினோம். இதற்காகத்தான் இப்போது சீட்டுக்குப் பின்னால் ஒரு வலை மாதிரி தடுப்பு வைக்கிறார்கள். 1989-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல் காரில் அது பிரபலமானது.

ஃபோர்டு 1957 முதல் 1959 வரை விற்ற 'ஸ்கைலைனர்' பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. முழுநீள எஃகுக் கூரை டிக்கிக்குள் போகும் பெரிய கார். முதலில் டிக்கி மூடி பின்பக்கமாகத் திறக்க வேண்டும், பூட்டுகள் விடுபட வேண்டும், கூரை எழும்ப வேண்டும், அதன் முன்பகுதி மட்டும் மடங்க வேண்டும், எல்லாம் உள்ளே போனபின் மூடி மூட வேண்டும். ஒரு படி முடியாமல் அடுத்தது தொடங்கினால் இரும்பும் இரும்பும் மோதும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை ரிலேக்களையும் லிமிட் ஸ்விட்ச்களையும் வைத்தே செய்தார்கள். 600 அடிக்கு மேல் ஒயர்! மென்பொருளில் நாங்கள் 'ஸ்டேட் மெஷின்' என்று எழுதுவதை அவர்கள் செம்புக் கம்பியில் எழுதியிருக்கிறார்கள். ஒரு ஸ்விட்ச் கெட்டால் கூரை பாதியில் அந்தரத்தில் நிற்கும், அவ்வளவுதான். கூரை உள்ளே போய்விட்டால் டிக்கியில் ஒரு சின்னப் பெட்டிக்குத்தான் இடம். மூன்று வருஷத்தில் 48,000 அளவுக்கு விற்று நின்றுபோனது.

இதைவிடக் கெட்டிக்கார வேலையை ப்யூக் 1949-லேயே செய்திருந்தது. நிரந்தர எஃகுக் கூரைதான், ஆனால் நடுத்தூண் இல்லாமல், பார்க்க கன்வெர்ட்டிபிள் மாதிரியே இருக்கும். ஒரு ப்யூக் அதிகாரியின் மனைவி எப்போதும் கன்வெர்ட்டிபிளே வாங்குவாராம், ஆனால் முடி கலைந்துவிடும் என்று கூரையைத் திறக்கவே மாட்டாராம். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை டெட்ராய்ட்டில் உண்டு. கதை எப்படியோ, அந்த வடிவம் அடுத்த இருபது வருஷம் சக்கைப்போடு போட்டது. திறக்க வேண்டாம், திறக்கலாம் என்ற தோற்றம் இருந்தால் போதும் என்று நிறையப் பேர் நினைத்திருக்கிறார்கள்.

யார் கொன்றது?

1965 வாக்கில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 5 லட்சம் அளவுக்கு கன்வெர்ட்டிபிள்கள் விற்றன. அதுதான் உச்சம். பதினொரு வருஷத்தில் எல்லாம் முடிந்தது. 1976 ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட்டில் வெள்ளை நிற கேடிலாக் எல்டொராடோ ஒன்று 'கடைசி அமெரிக்க கன்வெர்ட்டிபிள்' என்ற அறிவிப்போடு வெளிவந்தது. அந்த வருஷம் செய்த 14,000 கார்களையும், பிற்காலத்தில் விலை ஏறும் என்று மக்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள்.

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால் பொதுவாக வரும் பதில், "பாதுகாப்புச் சட்டம் தடை செய்தது". இது எவ்வளவு உண்மை?

பயத்துக்குக் காரணம் இருந்தது. 1963 நவம்பர் 22 அன்று டல்லஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டது ஒரு திறந்த லிங்கனில். அந்தக் காருக்குக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் கூரை ஒன்று இருந்தது. அது குண்டு துளைக்காததும் இல்லை, அன்று மாட்டவும் இல்லை. 1965-ல் ரால்ஃப் நேடரின் புத்தகம் கார் கம்பெனிகளின் பாதுகாப்பு அலட்சியத்தைக் கிழித்தது. 1966-ல் கார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கார் குப்புற விழுந்தால் கூரை நசுங்காமல் இருக்க வேண்டும் என்ற விதிகள் தயாராகின. கூரையே இல்லாத கார் இதில் எப்படித் தேறும்? ஐரோப்பியக் கம்பெனிகள் முன்கூட்டியே பதுங்கின. போர்ஷே 1965-ல் காட்டிய 911 டார்காவில் தலைக்குப் பின்னால் ஒரு நிரந்தர வளையம் வைத்தது இந்தப் பயத்தில்தான். 1975-ல் டிரையம்ஃப் டிஆர்7 மூடிய காராக மட்டுமே வந்தது.

ஆனால் நடந்தது வேறு. கிரைஸ்லர் உள்ளிட்ட கம்பெனிகள் தொடுத்த வழக்கில் 1972 டிசம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கன்வெர்ட்டிபிள் போன்ற ஒரு கார் வகையையே சந்தையிலிருந்து ஒழிப்பது நாடாளுமன்றத்தின் நோக்கமாக இருந்திருக்க முடியாது என்பது அதன் சாரம். 1973 செப்டம்பரில் கூரை வலிமை விதி அமலுக்கு வந்தபோது கன்வெர்ட்டிபிள்களுக்கு விலக்கு இருந்தது. தடை என்று ஒன்று வரவே இல்லை.

தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். கிரைஸ்லர் தன் கடைசி கன்வெர்ட்டிபிளை 1971-லேயே நிறுத்திவிட்டது. ஃபோர்டு 1973-ல். விதி அமலாகும் முன்பே இருவரும் கடையைக் கட்டிவிட்டார்கள். வரப்போகும் சட்டத்தின் பயம் ஒரு பங்கு. பெரிய பங்கு, விற்பனை ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது.

விற்பனையைச் சரித்தது யார்? என் கணிப்பில் முதல் குற்றவாளி ஏ.சி. 1940 மாடல் பேக்கார்டு காரில் தொடங்கிய கார் ஏ.சி., 1969 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. கோடையில் கூரையைத் திறப்பதற்கு இருந்த நடைமுறைக் காரணமே போய்விட்டது. இரண்டாவது, நெடுஞ்சாலை. மணிக்கு 50 கி.மீ.யில் தென்றலாக இருப்பது 110-ல் அறைச்சலாகிவிடும். மூன்றாவது, லாரிகளின் புகையும் வெளியே விட்டுப்போகும் காரின் துணிக் கூரையைக் கத்தியால் கிழித்துத் திருடும் கும்பல்களும். கூரையைக் கிழித்துவிடுவார்கள் என்று பயந்தே கதவைப் பூட்டாமல் விட்டுப்போகும் வழக்கம் கன்வெர்ட்டிபிள்காரர்களிடம் உண்டு.

ஆக, சட்டம் கொல்லவில்லை. 1920-களில் தொடங்கிய அதே வேலையை, அதாவது உள்ளே இருப்பவரை வெளியிலிருந்து பிரிக்கும் வேலையை, ஏ.சி. முடித்து வைத்தது.

திரும்பி வந்தது

முடித்து வைத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1982-ல் திவாலின் விளிம்பிலிருந்து மீண்டுகொண்டிருந்த கிரைஸ்லர், லீ ஐயகோக்கா தலைமையில் லெபாரன் கன்வெர்ட்டிபிளைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு காரைக் கையால் செய்யச் சொல்லித் தானே ஓட்டிப் பார்த்ததாகவும், வழியில் மக்கள் மறித்து விசாரித்ததாகவும், அதற்குமேல் ஆய்வெல்லாம் தேவையில்லை என்று தயாரிப்புக்கு உத்தரவு போட்டதாகவும் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விற்றது. அடுத்த வருஷம் மஸ்டாங் திறந்த வடிவில் திரும்பியது. 1984-ல் கேடிலாக்கும் எல்டொராடோ கன்வெர்ட்டிபிளை மறுபடி கொண்டுவந்தது. 'கடைசி' என்று நம்பி 1976-ல் வாங்கியவர்கள் கோபத்தில் வழக்குப் போட்டார்கள். பலிக்கவில்லை.

1989-ல் ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தது. இரண்டே சீட், சின்ன என்ஜின், கையால் பின்னால் தள்ளினால் போகும் துணிக் கூரை. 600 அடி ஒயர் எல்லாம் கிடையாது. 2016-ல் அது பத்து லட்சத்தைத் தாண்டியது.

பாதுகாப்பும் முன்னேறியது. 1989 மெர்சிடிஸ் எஸ்எல்-ல் கார் கவிழப்போவதை உணர்ந்தால் தலைக்குப் பின்னால் இருக்கும் வளையம் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் எழுந்து நிற்கும். 2020-ல் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு, ஒரே மாடலின் திறந்த, மூடிய வடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. நவீன கன்வெர்ட்டிபிள்களில் ஓட்டுநர் இறப்பு விகிதம் மூடியவற்றைவிட அதிகமில்லை என்பது முடிவு. ஆனால் உயிர்ச்சேதமான விபத்துகளில் காரிலிருந்து தூக்கி எறியப்படுவது இவற்றில் சற்றுக் கூடுதல். சீட் பெல்ட் போடாமல் ஓட்டவே கூடாத கார் எதுவென்றால் இதுதான்.

காது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலை வேகத்தில் கூரை திறந்திருக்கும்போது ஓட்டுநரின் காதருகே சத்தம் 85 டெசிபெல்லைத் தாண்டுவதை மருத்துவர்கள் அளந்திருக்கிறார்கள். தொழிற்சாலைகளில் நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு எல்லையாகச் சொல்லப்படுவது அந்த அளவுதான். எப்போதாவது ஒருநாள் என்றால் பிரச்சினையில்லை, தினமும் நூறு கிலோமீட்டர் என்றால் யோசிக்க வேண்டும்.

சரி, இத்தனைக்குப் பிறகும் ஏன் வாங்குகிறார்கள்? வாங்கி வைத்திருப்பவர்கள் எழுதுவதைப் படித்தால், வேகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நிதானமாகப் போவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மழை நின்ற மண் வாசனை, பேக்கரி வாசனை, பாலத்தைக் கடக்கும்போது சில்லென்று மாறும் காற்று, ராத்திரியில் தலைக்கு மேல் நட்சத்திரம், சிக்னலில் பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை. பைக் ஓட்டும் யாருக்கும் இதெல்லாம் புதுசில்லை. தினமும் பைக்கில் போகிறவர் காருக்கு மாறும்போது எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தாரோ, அதையே கன்வெர்ட்டிபிள்காரர் கூடுதல் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார். ஒரே வித்தியாசம், மழை வந்தால் அவரிடம் ஒரு பட்டன் இருக்கிறது.

இப்போது மறுபடியும் கன்வெர்ட்டிபிள்கள் குறைந்துகொண்டு வருகின்றன. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2019-ல் நின்றபோது அதன் திறந்த வடிவமும் சேர்ந்தே போனது. அந்த இடத்தில் எஸ்யூவிகளும், அவற்றின் மேலே அகலமான கண்ணாடிக் கூரையும் வந்திருக்கின்றன. வானம் தெரியும், காற்று வராது. வெயில் அதிகமானால் உள்ளே ஒரு திரையை இழுத்துவிட்டு ஏ.சி.யைக் கூட்டிக்கொள்கிறோம். 1949-ல் கூரையைத் திறக்காமலே கன்வெர்ட்டிபிள் ஓட்டிய அந்த ப்யூக் அதிகாரியின் மனைவிக்கு இது ரொம்பப் பிடித்திருக்கும்.